கப்பல்காரர் காடு

எங்கே புகை தெரிந்தாலும் ஸ்கூட்டரை நிறுத்திவிடுவார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் காட்சிதான். பங்குனி, சித்திரை மாதங்களில் எங்கள் பக்கம் அறுப்பு முடிந்த நிலத்தில் மக்காச்சோளத் தட்டைக்குத் தீ வைப்பார்கள். மானாவாரி நிலத்தை நாங்கள் காடு என்றுதான் சொல்வோம். அதில் மரம் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. தட்டை எரிகிற காட்டுப் பக்கம் வந்தால் அவர் வண்டியை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சவ ஊர்வலத்துக்கு வழிவிட்டு நிற்கிறவரைப் போல நிற்பார். தீ வைத்தவரை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். சாம்பல் பறந்து வந்து வெள்ளைச் சட்டையில் ஒட்டும். அதைத் தட்டியும் விட மாட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "மன்னிச்சுக்கிடணும்" என்று யாருக்கோ சொல்லிவிட்டுக் கிளம்புவார்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது என் கடை வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பாஞ்சாலங்குறிச்சி விலக்குக்குப் பக்கத்தில் என் உரக்கடை. வீட்டுக்காரர் போன பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். விதை, உரம், பூச்சிமருந்து எல்லாம் உண்டு. புகையைக் கண்டு நிற்கிற அந்த மனிதர் எங்கள் பக்கத்து ஆள் இல்லை. மணப்பாட்டுக்காரர், கடலோரத்து வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள். சின்ன வயசிலேயே கப்பலுக்குப் போய், கடைசியில் சரக்குக் கப்பலில் சீஃப் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி முன்னமே இறந்துவிட்டார். ஒரே மகள் ஆஸ்திரேலியாவில். பணி முடிந்து வந்தவர் ஊரில் வீட்டைக் கட்டி உட்காராமல், கடலே கண்ணில் படாத இடமாக வேண்டும் என்று தேடி எங்கள் கரிசலில் ஒரு துண்டு நிலம் வாங்கினார். காட்டுக்குள்ளேயே ஓடு போட்ட ஒரு அறை கட்டிக்கொண்டு குடிவந்தார். அவருக்கு அழகான பெயர் ஒன்று இருந்தது. ஆனால் ஊரில் எல்லோருக்கும் அவர் கப்பல்காரர்தான். நேரில் அண்ணாச்சி.

முதன்முதலாகக் கடைக்கு வந்தவர் எதுவும் வாங்கவில்லை. மூட்டை மூட்டையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். யூரியா மூட்டைக்குப் பக்கத்தில் வந்ததும், இது ஒரு பருவத்துக்கு எவ்வளவு போகும் என்று கேட்டார். வரி கட்டுகிற ஆபீஸிலிருந்து வந்திருக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். எதுக்குக் கேக்கீங்க என்றேன். அவர் கூச்சத்தோடு சொன்னார்: இந்த யூரியாவைச் செய்வதற்கே எரிவாயு வேண்டும், காட்டில் போட்ட பிறகும் பயிர் தின்றது போக மிச்சத்தில் கொஞ்சம் காற்றில் ஏறிவிடும், அது கரிப்புகையை விட மோசமாகச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சொல்லி முடித்ததும் முகம் வாடிவிட்டது.

"தங்கச்சி, ஒன்னயக் குத்தம் சொல்லல. நான் பண்ணினதுக்கு முன்னால இதெல்லாம் ஒண்ணுமே இல்ல. மன்னிச்சுக்கிடணும்" என்றார்.

அவர் பண்ணியது என்ன என்பதைப் பிறகு பல நாள் பல தடவை கேட்டிருக்கிறேன். கப்பல் எஞ்சினுக்கு ஊற்றுகிற எண்ணெய் தார் மாதிரி கறுப்பாக, கெட்டியாக இருக்குமாம். சூடு பண்ணினால்தான் குழாயில் ஓடும். நாள் தவறாமல் லாரி லாரியாக அதை எரித்திருக்கிறார். நடுக்கடலில் புகை எங்கே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அவரும் பார்க்கவில்லை. நல்ல இன்ஜினியர் என்று பேர் வாங்கினார். சம்பளம் வந்தது, மகள் படித்தாள். ஓய்வு பெறுகிற காலத்தில்தான் உலகம் சூடாவதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தார். படிக்கப் படிக்க, அந்தப் புகை முழுவதும் தன் மூச்சிலிருந்து வெளியே போனது போல ஆகிவிட்டது அவருக்கு.

"நீங்க இல்லேன்னா இன்னொருத்தர் அந்த எஞ்சினை ஓட்டியிருப்பார்லா" என்று ஒருநாள் சொன்னேன்.

"ஓட்டியிருப்பான். ஆனா ஓட்டினது நானு" என்றார்.

மணப்பாட்டுக் கோயிலில் பாவத்தை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனம் செய்யப் போய், இதைப் பங்குச் சாமியாரிடம் சொல்லியிருக்கிறார். சாமியார் இளவயசுக்காரர். குடும்பத்தைக் காப்பாற்ற வேலை பார்த்ததில் பாவம் எங்கே இருக்கிறது, சமாதானமாகப் போங்கள் என்று அனுப்பிவிட்டாராம். பாவம் என்று ஒத்துக்கொண்டிருந்தால் அபராதமாக ஒரு செபமோ உபவாசமோ கொடுத்திருப்பார், செய்து முடித்திருக்கலாம். ஒன்றுமே கொடுக்காததால் அது அப்படியே நின்றுவிட்டது என்று அவருக்கு வருத்தம். அதனால் தனக்கான அபராதத்தைத் தானே எங்கள் கரிசலில் தேடிக்கொண்டார்.

அந்த அபராதத்தின் முதல் பகுதி, உழாமல் இருப்பது. மண்ணைப் புரட்டிப் போட்டால் மண்ணுக்குள் அடங்கிக் கிடக்கிற கரி வெளியே வந்து காற்றில் கலந்துவிடும் என்பார். தட்டையை எரிக்காமல் அப்படியே தரையில் பரப்பிவிட வேண்டும். அது மக்கி மண்ணோடு சேர்ந்தால், வானத்துக்குப் போக இருந்தது பூமிக்குள் போய்விடும். வரப்போரம் வேம்பு, வாகை, பனை. கம்பு, துவரை, உளுந்து என்று கலந்து விதைப்பு. கம்பியால் குத்தித் துளை போட்டு ஒவ்வொரு விதையாக இட்டுக்கொண்டு போவார். ஸ்கூட்டரில் தண்ணீர்க் கேன் கட்டிக் கொண்டுவந்து மரக்கன்றுக்கு ஊற்றுவார்.

உழாத காட்டைப் பார்த்து ஊர் சிரிக்காமல் இருக்குமா? முதல் வருஷம் பயிர் எது, களை எது என்று தெரியவில்லை. மயில் வந்து பாதியைத் தின்றது. மரம் வளர்ந்தால் குருவி அடையும், குருவி வந்தால் எங்கள் கதிரைத் தின்னும் என்று பக்கத்துக் காட்டுக்காரர்கள் வந்து சத்தம் போட்டார்கள். அவர்களிடமும் மன்னிப்புக் கேட்டார். ஆனால் கன்றைப் பிடுங்கவில்லை.

சோலார் கம்பெனிக்கு நிலம் பிடித்துக் கொடுக்கிற ஏஜெண்ட் ஒருவர் அப்போது எங்கள் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தார். கப்பல்காரர் காட்டையும் குத்தகைக்குக் கேட்டார். வேறு யாராக இருந்தாலும் முடியும், முடியாது என்று ஒரே பேச்சில் முடித்திருப்பார்கள். இவருக்குத் தூக்கம் போய்விட்டது. அந்தக் கண்ணாடித் தகடுகளைப் பரப்பினால் அனல் மின்நிலையத்தில் எரிகிற நிலக்கரி கொஞ்சமாவது குறையும். ஆனால் மரத்தைப் பிடுங்கி மண்ணை மட்டம் தட்ட வேண்டும். இந்தப் பக்கம் பார்த்தாலும் தப்பு, அந்தப் பக்கம் பார்த்தாலும் தப்பு. கடைக்கு வந்து உட்கார்ந்து என்னிடம் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? உங்களுக்கு எது பிடிச்சிருக்கோ அதைச் செய்ங்க அண்ணாச்சி என்றேன். பிடித்ததைச் செய்வதுதான் அவரால் முடியாத காரியம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. கடைசியில் கொடுக்கவில்லை. கொடுக்காததற்காகவும் கொஞ்ச நாள் வருத்தப்பட்டார்.

அவர் காட்டை ஒட்டின காடு பேச்சியம்மாளுடையது. பேச்சியக்கா எனக்கு மூத்தவள். புருஷன் தூத்துக்குடி துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்குகிற வேலை. வாரத்துக்கு ஒருநாள் வருவார். விவசாயம் முழுவதும் அக்காதான். மக்காச்சோளம் மட்டும்தான் போடுவாள். விலை கிடைக்கிற பயிர் அது ஒன்றுதான் என்பாள். கப்பல்காரரை ஆரம்பத்தில் அவள் மதிக்கவே இல்லை. சோம்பேறி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கோடை வந்தால் எங்கள் கரிசல் கை நுழைகிற அகலத்துக்கு வெடித்துப் போகும். ஒரு சித்திரை மாதம், ஓடிப்போன ஆட்டைப் பிடிக்க அவர் காட்டுக்குள் இறங்கினவள், அங்கே வெடிப்பு அவ்வளவாக இல்லை என்று பார்த்திருக்கிறாள். மக்கிக் கிடந்த தட்டையை விலக்கி மண்ணுக்குள் கையை விட்டாள். ஈரம் இருந்தது. என் கடைக்கு வந்து அந்த விரல்களை என் மூக்குக்கு நேராக நீட்டி, மோந்து பாரு என்றாள்.

அடுத்த அறுப்பு முடிந்ததும் அவள் தன் காட்டுத் தட்டையை எரிக்கவில்லை. கோடை உழவும் போடவில்லை. எப்படிப் பரப்ப வேண்டும் என்று கப்பல்காரரிடம் போய்க் கேட்டாள். அவர் சொல்லிக்கொடுத்ததோடு நிற்காமல் கூட நின்று பரப்பினார். அன்றைக்குக் கடைக்கு வந்தபோது அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "இன்னொரு காடு சேந்துட்டு தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக் கொண்டுவந்து கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்.

புரட்டாசிக் கடைசியில் மழை. பேச்சியக்கா மக்காச்சோளம் விதைத்தாள். பயிர் முழங்கால் உயரம் வந்தபோது படைப்புழு இறங்கியது. குருத்துக்குள் உட்கார்ந்துகொண்டு தின்னும் புழு அது. மரத்தூள் மாதிரி எச்சம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். அந்த வருஷம் எங்கள் பக்கம் பெரும்பாலான காடுகளில் புழு இருந்தது. உழுத காட்டிலும் இருந்தது, எரித்த காட்டிலும் இருந்தது. என் கடையில் மருந்து இறக்க இறக்கத் தீர்ந்தது. ஆனால் பேச்சியக்கா காட்டில் கொஞ்சம் அதிகம். உழுது வெயில் காட்டாமல் விட்டதால் புழுவின் கூடு மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது என்று ஊரில் பேசினார்கள். விவசாய ஆபீசரைக் கேட்டேன். அப்படியும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். கப்பல்காரர் காட்டில் மக்காச்சோளம் இல்லாததால் அவர் பயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அவரை இன்னும் குன்ற வைத்தது.

ஊர்ப் பேச்சு காதில் விழுந்த மறுநாள் விடிந்ததிலிருந்து அவர் பேச்சியக்கா காட்டில் நின்றார். பெரிய உடம்பு, மூட்டு வலி உண்டு. செடி செடியாகக் குனிந்து, குருத்தை விரித்து, புழுவை எடுத்துத் தகர டப்பாவில் போட்டுக்கொண்டே போவார். புழு எடுத்த குருத்தில், மிச்சம் இருந்தால் சாகட்டும் என்று ஒரு சிட்டிகை மணல் போடுவார். வெயில் ஏறினாலும் நிறுத்தவில்லை. அக்காவும் வேறு வரிசையில் பொறுக்குவாள். நாள் கணக்கில் இது நடந்தது. மருந்து கொண்டுபோய்க் கொடுக்கப் போனபோது பார்த்தேன். அவர் என் பக்கம் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அவர் மகள் என்னைப் போனில் கூப்பிட்டாள். அப்பா எடுக்காவிட்டால் கூப்பிட என் கடை நம்பரை வைத்திருந்தாள். நிறைமாதம். கணவனும் கப்பலில்; பிரசவத்துக்கு வர முடியாது என்று தெரிந்துவிட்டது. மாமியார் படுக்கையில். அப்பாவுக்கு விசா எடுத்து டிக்கெட்டும் போட்டுவிட்டாள். அவர் வர மாட்டேன் என்கிறார். "ஆன்ட்டி, எனக்கு இங்க யாரும் இல்ல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

அன்று சாயங்காலமே அவர் அறைக்குப் போனேன். கையைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். தெரியும் என்றார். பிறகு ஏன் போகவில்லை என்றேன். விமானம் அவ்வளவு தூரம் போய்வந்தால் எவ்வளவு எரியும் என்று தனக்குத் தெரியும் என்றார். இந்தக் காட்டில் இத்தனை வருஷம் மண்ணுக்குள் அடக்கினது முழுவதும் ஒரே பயணத்தில் போய்விடும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அதோட பேச்சியம்மா பயிரு இப்படிக் கெடக்கு. நானே கெடுத்துட்டு, எப்படி விட்டுட்டுப் போக?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. உங்க மகளும் இந்த உலகத்துலதான இருக்கா என்று கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். திட்டத் திட்ட அவர் அதை வாங்கி வைத்துக்கொண்டே இருந்தார். திட்டுவது அவருக்கு ஒருவிதத்தில் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும் போல. அது புரிந்ததும் திட்டுவதை நிறுத்திவிட்டுக் கிளம்பினேன். திரும்பி வருகிற வழியில் பேச்சியக்கா வீட்டில் இறங்கி, நடந்ததை எல்லாம் அவளிடம் சொன்னேன்.

மறுநாள் காலையில் நானும் அங்கே இருந்தேன். அக்காதான் வரச் சொல்லியிருந்தாள். அவர் வழக்கம் போல டப்பாவோடு காட்டில் நின்றார். அக்கா வரப்பைத் தாண்டி நேராக அவரிடம் போனாள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் நிமிருங்க. தட்டைய எரிக்காதன்னு நீங்க எங்கிட்ட சொன்னீங்களா?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை.

"சொல்லல. நாந்தான் உங்க காட்டுல கைய விட்டுப் பாத்தேன். ஈரம் இருந்துச்சு. எனக்கு ஆசையாப் போச்சு. நானா வந்துதான் உங்ககிட்டக் கேட்டேன். இப்ப புழு விழுந்துட்டு. என் காடு, என் முடிவு, என் நட்டம். அதையும் நீங்களே தூக்கிட்டுப் போயிட்டா, எனக்குன்னு இங்கன என்ன இருக்கு? நான் என்ன, புத்தியில்லாதவளா?"

"அப்படிச் சொல்லலம்மா..."

"உங்க மக ஒத்தையில கெடக்கா. அங்க போறதுக்குப் பயந்துக்கிட்டு என் சோளத்தச் சாக்குச் சொல்லிட்டு நிக்கீங்க. உங்க மனசு ஆறணும்னு என் காட்டுல வந்து வேல பாக்க வேண்டாம். டப்பாவத் தாங்க."

கையை நீட்டினாள். அவர் அந்த டப்பாவைக் கொடுக்க நேரமாயிற்று. உள்ளே புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. கொடுத்துவிட்டு, பழக்கத்தில், "மன்னிச்..." என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திக்கொண்டார். வரிசைக்கு நடுவே பயிர் மிதிபடாமல் கவனமாகக் கால் வைத்து வெளியே போனார். அவ்வளவு பெரிய ஆள் அவ்வளவு சின்னதாக நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா டப்பாவோடு அவர் விட்ட வரிசையில் குனிந்தாள்.

அந்த வாரமே அவர் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார். சாவியை அக்காவிடம் கொடுத்து, கன்றுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றச் சொன்னாராம். அறுப்பில் அக்காவுக்குப் பாதிக்கும் கீழேதான் கதிர் தேறியது. அது அந்த வருஷம் ஊருக்கே பொதுவாக இருந்தது.

திரும்பி வந்ததும் முதலில் என் கடைக்குத்தான் வந்தார். பேத்தி. செல்போனில் படம் காட்டினார். அவரைப் போலவே பெரிய நெற்றி. விமானத்தில் போகும்போது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். ஜன்னலை மூடிவிட்டு, செபமாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அப்புறம் கொஞ்சம் சிரித்தார்.

"புள்ளைய என் கையில தந்தா. கொஞ்ச நேரம் எனக்கு எதுவுமே ஞாபகம் இல்ல தங்கச்சி. கப்பலும் இல்ல, புகையும் இல்ல. பெறகு, இப்படி மறந்து போனோமேன்னு அதுவும் உறுத்திச்சு."

என்னால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார். தன்னைப் பார்த்துத் தானே சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வந்த பிறகு அவர் பேச்சியக்கா காட்டு வரப்பைத் தாண்டவில்லை. அவள் கூப்பிட்டால் மட்டும் போவார். அடுத்த பருவம் நல்ல மழை, புழுவும் குறைவு. அறுப்பு முடிந்த பிறகு அக்கா ஒரு முடிவு எடுத்தாள். ரோட்டுப் பக்கத்துப் பாதியில் தட்டையைப் பரப்பிவிடுவது, மேட்டுப் பக்கத்துப் பாதியை எரித்து ஆழ உழுவது. இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். இதை அவரிடம் போய் நேரிலேயே சொன்னாள். அவர் சரி என்றார். தீ வைக்கிற அன்றைக்கு அவர் எங்கேயாவது போய்விடுவார் என்று நான் நினைத்தேன்.

போகவில்லை. காற்று அடங்கின நேரமாகப் பார்த்து அக்கா தீக்குச்சி கிழித்தபோது, அவர் பச்சை வேப்பங்கொப்பு ஒன்றை ஒடித்துக்கொண்டு இரண்டு பாதிக்கும் நடுவே வந்து நின்றார். பரப்பின பாதிக்குள் தீ தாவாமல் அடிப்பதற்கு ஆள் வேண்டும். அவருக்கு அது தெரிந்திருக்கிறது. தீ சடசடவென்று ஏறியது. புகை அவர் மேலேயே போயிற்று. கண்ணில் நீர் ஓடியது. புகையாலா, வேறு எதனாலா என்று கேட்கிற மாதிரி இல்லை. ஒரு பொறி தாண்டி விழுந்தால் கொப்பால் அடிப்பார். அடுத்ததற்குப் பார்த்து நிற்பார். மன்னிப்பு, கின்னிப்பு ஒன்றும் சொல்லவில்லை. அணைந்து முடிந்ததும் அக்கா செம்பில் தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்தார். முகம் முழுக்கக் கரி. எஞ்சின் அறையிலிருந்து ஏறி வந்தவர் அப்படித்தான் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

அந்த ஆவணியில் கோயில் திருவிழாவுக்கு மணப்பாட்டுக்குப் போனவர், தம்பி வீட்டில் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது. நானும் பேச்சியக்காவும் அடக்கத்துக்குப் போனோம். மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தாள். கல்லறைத் தோட்டம் முழுக்கக் கடல் மணல். தோண்டத் தோண்டச் சரிந்துகொண்டே இருந்தது. தூரத்தில் ஏதோ ஒரு கப்பல் தூத்துக்குடிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

காட்டை மகள் விற்கவில்லை. பேச்சியக்காவையே பயிர் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். அக்கா அதில் இன்றுவரை ஏர் இறக்கவில்லை, தீயும் வைக்கவில்லை. தன் காட்டில் மட்டும் வருஷத்துக்கு ஒருவிதம். புழு அதிகமானால் எரிக்கிறாள், இல்லாவிட்டால் பரப்புகிறாள். எரித்தது, எரிக்காதது என்று பார்த்தால், பரப்பின பாதியில் ஈரம் கூடுதலாக நிற்கிறது என்பது அவளுக்கும் தெரியும். அதே பாதியில் ஒரு வருஷம் புழு கூடியதும் தெரியும். வேம்பும் வாகையும் ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரிகிற உயரத்துக்கு வந்துவிட்டன. பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறவர்கள்கூடக் கப்பல்காரர் காடு என்று சொல்லித்தான் இறங்குகிறார்கள். மற்ற காடுகளில் தட்டை எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

நான் இன்னும் யூரியா விற்கிறேன். முன்பெல்லாம் கேட்டதை எடுத்துப் போட்டுவிடுவேன். இப்போது, போன தடவை போட்டதில் பாதி போதும், பயிரைப் பார்த்துவிட்டு வாங்க என்று சொல்லிப் பார்க்கிறேன். சிலர் கேட்கிறார்கள். சிலர் எதிர்க்கடைக்குப் போகிறார்கள். அப்படிப் போனால் அடுத்த ஆளிடம் நான் வாயைத் திறப்பதில்லை. வயிறு இருக்கிறது.

அடக்கம் முடிந்து திரும்பி வந்த பஸ்ஸில் எனக்கும் அக்காவுக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். திருச்செந்தூர் தாண்டி ஆத்தூர் வாழைத் தோட்டங்கள் வந்தன. நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். அன்றைக்கு அவர் அறைக்குப் போய் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது என்றேன். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தானும் அந்தத் தீயை அவர் கண்ணெதிரே வைத்திருக்கக் கூடாது என்றாள். நமக்குத் தெரியாமலே நெஞ்சு கெட்டிருந்த மனுஷனை அவ்வளவு புகையில் நிற்கவிட்டோமே என்றாள். அப்படியெல்லாம் இல்லக்கா என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு என்ன தெரியும்?

"இப்ப அவரு இருந்திருந்தா, இதெல்லாம் என்னாலதாம்மான்னு சொல்லி நம்ம ரெண்டு பேரு பங்கையும் சேத்து வாங்கியிருப்பாரு" என்றேன்.

அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா. இனி நம்ம செஞ்சத நாமதான் வச்சுக்கிடணும்" என்றாள்.